காற்றினால் அணைக்கும் சட்டை

தலைவலி கண்டவர் ஒரு துணியை முறுக்கித் தலையைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்வதை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். பிள்ளை பெற்ற தாயின் வயிற்றைச் சீலையால் வரிந்து கட்டுவதும், ஓயாது அழும் பச்சிளங் குழந்தையைத் துணியாற் சுற்றி மார்போடணைத்து அமர்த்துவதும் நம் வீடுகளில் நெடுநாளாக நிலவும் வழக்கங்கள். இறுக்கத்தில் ஓர் ஆறுதல் உண்டு என்பதை எந்த நூலையும் படியாமலே நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அந்த இறுக்கத்தை அளவறிந்து தரவும், வேண்டாதபோது நீக்கவும், பிறர் கண்ணிற் படாமல் அன்றாடச் சட்டையின் உள்ளே ஒளித்து வைக்கவும் இயலுமா? காற்றடைத்த உள்ளுடை ஒன்றினால் இயலும் என்கின்றனர். அது எவ்வாறு, அதில் உள்ள இடர்கள் யாவை என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

யாருக்கு வேண்டும் இத்தகைய உடை? ஓட்டிசம் என்னும் நிலையுடன் பிறந்த பிள்ளைகள் சிலருக்கு வகுப்பறையின் இரைச்சலும், எதிர்பாராத் தொடுகையும் தாங்கொணா வேதனையைத் தருகின்றன. உடலின்மீது பரந்து உறுதியாகப் படியும் அமுக்கம் அவர்களிற் சிலரை அமைதிப்படுத்துகின்றது. அதற்கெனக் கனமான மணிகள் தைத்த மேற்சட்டைகளும், காற்றடைக்கும் மேற்சட்டைகளும் மேனாடுகளில் விற்பனையாகின்றன. ஆயினும், மாணவர் கூட்டத்தோடு பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். வேறுபட்டுத் தோன்றுவதிலும் வேதனையைப் பொறுத்துக்கொண்டிருப்பதே மேல் என்று பதினான்கு வயதுப் பிள்ளை முடிவு செய்துவிடும். எத்துணைப் பயனுள்ள கருவியாயினும், அதை அணிந்தவுடன் ஏனையோர் திரும்பிப் பார்ப்பராயின் அது அலுமாரியிலேயே கிடக்கும். எனவே இவ்வுடை அமுக்கினால் மட்டும் போதாது, மறையவும் வேண்டும்.

காற்றுடையின் வரலாறு மருத்துவமனையிலே தொடங்குகின்றது. 1903ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கிய ஜோர்ஜ் கிறைல் என்பவர், இரட்டைச் சுவருள்ள றப்பர் உடையொன்றை நோயாளியின் கால்களிலும் வயிற்றிலும் அணிவித்து, அதனுட் காற்றை அடைத்தார். சிகிச்சையின்போது வீழ்ந்துவிடும் குருதி அமுக்கத்தை வெளியிலிருந்து நெருக்கித் தாங்குவதே அவரது நோக்கம். கருத்துச் சிறந்ததே. ஆனால் படுத்திருக்கும் நோயாளிக்கு அன்றி, நடமாடும் மனிதனுக்கு அது ஆகாது.

நடமாடுபவனுக்கு, அதாவது பறப்பவனுக்கு, அதனைக் கொண்டுவந்தது இரண்டாம் உலக யுத்தம். விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போது விமானியின் உடற்பாரம் நாலு மடங்கு, ஐந்து மடங்கு ஆகின்றது. அவனுடைய குருதியும் அவ்வாறே பாரமாகின்றது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். இதயத்திலிருந்து மூளைவரை உள்ள உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். அவ்வளவு உயரமுள்ள குருதி நிரலின் அமுக்கம் இரசத்தில் 23 மில்லிமீற்றர். பாரம் ஐந்து மடங்கானால் அது 115 மில்லிமீற்றர் ஆகும். இதயம் தள்ளும் உச்ச அமுக்கமோ ஏறத்தாழ 120. மூளைக்கு எஞ்சுவது யாது? முதலிற் பார்வை மங்கும்; பின்னர் இருளும்; அதன்பின் உணர்வே போய்விடும்.

கனடாவின் ரொறன்ரோ சர்வகலாசாலையிற் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வில்பர் பிராங்ஸ் என்பவருக்கு இதற்கொரு வழி தோன்றியது, விமானத்தைப் பார்த்தன்று. உடைந்த சோதனைக் குழாய்களைப் பார்த்து. மையநீக்கச் சுழலியிற் சுழலும் கண்ணாடிக் குழாய்கள் அடிக்கடி உடைந்தன. அவற்றைத் திரவத்தில் மிதக்கவிட்டுச் சுழற்றினார், அவை உடையவில்லை. உள்ளேயிருந்து வெளியே தள்ளும் விசைக்கு ஈடாக, வெளியேயுள்ள திரவமும் அதே மடங்கிற் பாரமாகி எதிர்த்து நின்றதே காரணம். குழாய்க்கு ஆவது மனிதனுக்கும் ஆகும் அன்றோ? இரண்டு றப்பர்ப் படைகளுக்கிடையே நீரை நிரப்பிய உடையொன்றை அவர் அமைத்தார். 1942 நவம்பரில் வட ஆபிரிக்கக் கரையில் நடந்த போரிற் பிரித்தானியக் கடற்படை விமானிகள் அதை அணிந்து பறந்தனர். நீருடை அறிவுக்கு உகந்தது, உடம்புக்கு உகந்ததன்று. அது பாரமாயிருந்தது, வெப்பமாயிருந்தது. அதே ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் சிட்னி சர்வகலாசாலை உடற்றொழிலியல் அறிஞர் பிராங் கொற்றன் நீருக்குப் பதிலாகக் காற்றைப் பயன்படுத்தினார். இறுதியிற் காற்றே வென்றது.

இன்றைய போர் விமானியின் காற்றுடையில் வயிற்றுக்கு ஒன்று, தொடைகளுக்கு இரண்டு, கெண்டைக்கால்களுக்கு இரண்டு என ஐந்து பைகள் இருக்கும். அவற்றிற் காற்றைச் செலுத்தும் வால்வு மிக எளிமையானது. வில்லொன்றின்மேல் ஒரு நிறை. விமானம் திரும்பும்போது நிறை பாரமாகி வில்லை அமுக்கும், வால்வு திறக்கும், பை நிரம்பும். விமானி எதனையும் தொடவேண்டியதில்லை. இந்த வால்வை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். அன்றாட உடைக்கு இதற்கு நேர்மாறான வால்வே தேவைப்படும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, மறைத்தல் என்னும் கலைக்கு வருவோம். அமெரிக்க விமானிகளின் காற்றுடைகளைத் தைப்பதில் முன்னின்றது மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலுள்ள டேவிட் கிளார்க் கம்பனி. அது அதற்கு முன் தைத்து விற்றது பெண்களின் உள்ளாடைகளை! பின்னாளில் ஜெமினி விண்வெளி வீரர்களின் உடைகளும் அங்கேதான் உருவாயின. 1969இற் சந்திரனில் நடந்தோர் அணிந்த உடையும், பிளேரெக்ஸ் என்ற பெயரில் மகளிர் இடைக்கச்சு விற்ற கம்பனி ஒன்றின் தையற்காரிகளின் கைவண்ணமே. இதிற் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. உடலை இறுக்கவும் வேண்டும், அசையவும் விடவேண்டும், மேலாடையின் கீழ்த் தெரியவும் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒருங்கே தீர்த்துப் பழகியவர்கள் உலகில் அவர்கள் மட்டுமே. எந்திரவியலாளர் கணக்கைப் போடலாம்; உடம்பின் வளைவுகளை அறிந்தது தையற்காரியின் கை.

ஒஹாயோ மாநிலத்து தொலிடோ நகரில் வாழ்ந்த எந்திரவியலாளர் கொன்ராட் ஜோப்ஸ்ற் கால் நாளங்கள் கெட்டுப் புண்ணாகித் துன்புற்றவர். நீச்சற் குளத்தில் நிற்கும்போது மட்டும் தம் கால் நோவு தணிவதை அவர் கவனித்தார். ஆழம் கூடக் கூட நீரின் அமுக்கம் கூடுகின்றது. காலிலுள்ள குருதியின் அமுக்கமும் அவ்வாறே கீழ்நோக்கிக் கூடுகின்றது. ஒன்றை மற்றொன்று சமன் செய்கின்றது. பிராங்ஸ் சோதனைக் குழாயிற் கண்ட அதே உண்மை! 1950ஆம் ஆண்டளவில், கணைக்காலில் மிக இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் அமைந்த காலுறையை அவர் உருவாக்கினார். இன்று வீதியில் நம்மைக் கடந்து செல்வோர் எத்தனை பேர் அதை அணிந்திருக்கின்றனர் என்பது எவருக்கும் தெரியாது. மறைவாக அணியும் அமுக்க உடைக்கு இதனிலும் சிறந்த வெற்றி வேறில்லை.

காற்றுடையைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. வியட்நாம் யுத்தத்தின்பின், குருதி இழந்தோருக்குக் காற்றடைத்த காற்சட்டையை அணிவித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அமெரிக்காவில் வழக்கமாயிற்று. நல்லதுதானே என்று எல்லோரும் நம்பினர். ஹூஸ்ரன் நகரில் 911 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1989இல் வெளியாயிற்று. காற்சட்டை அணிவித்தோரில் இறந்தவர் நூற்றுக்கு 31, அணிவிக்காதோரில் 25. நல்லெண்ணம் மட்டும் உயிரைக் காக்காது என்பதற்கு இதுவொரு கசப்பான சான்று. அமுக்கம் மருந்து போன்றது; அளவும் இடமும் ஆளும் பார்த்தே கொடுக்கத் தக்கது.

இப்பொழுது, அமைதிக்காக அமுக்கம் தேடிய ஒரு பெண்ணின் கதைக்கு வருவோம். ரெம்பிள் கிராண்டின் 1947இற் பொஸ்ரன் நகரிற் பிறந்தவர், ஓட்டிசம் உள்ளவர். அணைப்புக்கு அவர் உள்ளம் ஏங்கியது; ஆனால் யாரேனும் அணைத்தால் அந்த உணர்ச்சி வெள்ளம்போற் பாய்ந்து அவரைத் திணறச் செய்தது. இளவயதில் அரிசோனாவிலுள்ள மாமியின் மாட்டுப் பண்ணைக்குச் சென்றிருந்தபோது, ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகைகளால் நெருக்கிப் பிடிக்கும் சட்டமொன்றைக் கண்டார். மிரண்ட மாடுகள் சில அதனுள் அமைதியடைந்தன. தாமும் அதனுட் புகுந்து பார்த்தார், மனம் அடங்கியது. பதினெட்டு வயதளவில் தமக்கென்றே ஒரு நெருக்குப் பொறியைச் செய்துகொண்டார். பிற்காலத்து அமைப்பில் இருபுறமும் மெத்தை வைத்த பலகைகள். அவற்றை நெருக்கக் காற்று உருளை. அதை இயக்கும் பிடி உள்ளே இருப்பவரின் கையில்.

பள்ளியிலும் கல்லூரியிலும் இதைக் கண்ட உளவியலாளர்கள் முகஞ் சுழித்தனர். விபரீதமான பழக்கம் என்று அதைப் பறிக்கவும் முயன்றனர். அவருடைய விஞ்ஞான ஆசிரியர் வில்லியம் கார்லொக் மட்டும் வேறுவிதமாகப் பேசினார். பொறி ஏன் அமைதி தருகின்றது என்பதை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து காண் என்று நூலகத்துக்கு வழிகாட்டினார். நாமும் ஆசிரியத் தொழிலில் இருப்பதனால் இந்த இடத்திற் சற்றே நிற்கின்றோம். விபரீதம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை ஆராய்ச்சிப் பொருளாக மாற்றிக் கொடுத்தார் அந்த மனிதர். அம்மாணவி பின்னர்க் கொலராடோ மாநில சர்வகலாசாலையில் விலங்கு விஞ்ஞானப் பேராசிரியராகி, 1992இல் ஆழ்ந்த அமுக்கத்தின் அமைதிப் பயனைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். 1999இற் பன்னிரண்டு பிள்ளைகளிடம் அப்பொறி சோதிக்கப்பட்டது. பதற்றம் சிலரிடம் தணிந்தது. பன்னிரண்டு என்பது சிறு தொகை. கனமான சட்டைகளைப் பற்றிய ஆய்வுகளும் ஒருமுகமானவை அல்ல. சிலருக்கு உதவுகின்றது, சிலருக்கு இல்லை என்பதே இன்று சொல்லத் தக்கது.

பொறியைப் பள்ளிக்குத் தூக்கிச் செல்ல முடியாது. சட்டையாக்கினாற் செல்லலாம். அப்படியாயின் அச்சட்டையை எவ்வாறு அமைப்பது?

வெறும் இழுபடு துணியே போதாதா என்று கேட்கலாம். போதாது. துணியின் இழுவிசையை உடம்பின் ஆரையால் வகுத்தால் வருவதே அமுக்கம். கணைக்காலின் ஆரை 4 சென்ரிமீற்றர், தொடையின் ஆரை 8 என்று கொள்வோம். ஒரே இழுவிசையில் தொடைக்குக் கிடைப்பது பாதியே. முதுகு போன்ற தட்டையான இடத்திலோ ஆரை மிகப் பெரிது. அமுக்கம் ஏறத்தாழ இல்லை. முதுகெலும்பின் இருமருங்கிலும் உள்ள குழிவில் துணி தொடவே தொடாது, பாலம்போல் மேலே நிற்கும். அணைப்பு வேண்டுவதோ முதுகிலும் தோளிலும். காற்றடைத்த பை இந்தக் குழியையும் நிரப்பும், மேட்டையும் தழுவும். பாஸ்கலின் விதிப்படி எங்கும் ஒரேயளவாக அமுக்கும். ஆகவே வெளியே இழுபடாத துணி, உள்ளே காற்றுப் பை என்பதே அமைப்பு.

எவ்வளவு அமுக்குவது? குருதி அமுக்கம் பார்க்கும்போது மருத்துவர் கையிற் சுற்றும் பட்டை 150 மில்லிமீற்றருக்கு மேலும் ஏறும். ஆனால் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். நெடுநேரம் அணியும் உடைக்கு அது கொடுமை. தோலின் மயிர்க்குழாய்களில் குருதி நுழையும் அமுக்கமே ஏறத்தாழ 30 மில்லிமீற்றர்தான். அதற்கும் கீழே, 20 என்று வைப்போம். இது அற்பமெனத் தோன்றும். ஆயின், 20 மில்லிமீற்றர் என்பது சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு 27 கிராம். முதுகிலும் தோளிலும் விலாவிலும் சேர்த்து 1,000 சதுர சென்ரிமீற்றரை மூடினால் மொத்தம் 27 கிலோகிராம்! கெட்டியான அணைப்பு என்றே சொல்லலாம். பரப்பு அகலமாக இருப்பதனால் எந்த ஓர் இடமும் நோவதில்லை.

இனித் தடிப்பு. காற்றுப் பை எப்பொழுதும் உருண்டையாகவே விரும்பும். ஒரே பெரிய பையாகத் தைத்தால் அணிந்த பிள்ளை மிதவை கட்டியவன் போலிருப்பான். எனவே பாயிற் கோடு கோடாகத் தைப்பதுபோல, பையின் இரு படைகளையும் நெருக்கமான வரிகளில் சூடுகாட்டி ஒட்டிவிட வேண்டும். றப்பரிலும் இக்காலத்துப் பொலியுரெதேன் பூசிய நைலோன் இதற்கு ஏற்றது. சராசரித் தடிப்பு அரைச் சென்ரிமீற்றர் எனின், 1,000 சதுர சென்ரிமீற்றருக்கு வேண்டிய காற்று அரை லீற்றர் மட்டுமே. ஒருமுறை அமுக்க 50 மில்லிலீற்றர் தள்ளும் கைக்குமிழை காற்சட்டைப் பையில் வைத்துப் பத்துமுறை அமுக்கினால் நிரம்பிவிடும். சற்றே தளர்ந்த வெள்ளைச் சட்டையின் கீழ் இது தெரியாது.

மார்பின் முன்புறத்தைப் பையால் மூடக்கூடாது. மூச்செடுக்கும் ஒவ்வொரு தடவையும் விலா விரிய வேண்டும். அங்கே அமுக்கம் நின்றால் நாள் முழுவதும் காற்றோடு மல்லுக்கட்டும் வேலையாகிவிடும். முன்புறம் இழுபடும் வலைத்துணி போதும். வலைத்துணி வெப்பத்துக்கும் மருந்து. வியர்வை புகாத பையை உடம்பு முழுதும் சுற்றி நம் நாட்டு வெயிலில் ஒரு பிள்ளையை நடக்கவிடுவது தண்டனைக்கு ஒப்பாகும்.

பலரும் மறந்துவிடும் ஒன்று, அடைத்த காற்றின் இயல்பு. 25 பாகை வெப்பமுள்ள அறைக் காற்றை அடைத்து மூடினோம் எனக் கொள்வோம். தோலின் சூட்டில் அது 33 பாகைக்கு ஏறும். பை விரியாதிருந்தால் அமுக்கம் இன்னும் 20 மில்லிமீற்றரளவு கூடிவிடும், அதாவது இருமடங்காகும். பை சிறிது விரியுமாதலின் உண்மையிற் குறைவே. ஆயினும் ஏற்றம் நிச்சயம். கொழும்பில் அடைத்த காற்றோடு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்கு ஏறினாலோ வெளிக்காற்றின் அமுக்கம் 150 மில்லிமீற்றரளவு குறையும். பை வீங்கி நெருக்கத் தொடங்கும். ஆகவே 25 மில்லிமீற்றரைக் கடந்தால் தானே திறந்து காற்றை விடும் காப்பு வால்வு ஒன்று இன்றியமையாதது. கால் நாடிகளிற் குருதியோட்டக் குறையோ சுவாச நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்த அமுக்க உடையையும் அணியலாகாது. உறங்கும் பிள்ளைக்கு இதை அணிவிப்பதும் தகாது.

இனிக் கட்டுப்பாடு யார் கையில்? விமானியின் வால்வு அவனைக் கேளாமலே திறக்கும். அன்றாட உடையின் வால்வோ அணிந்தவரைக் கேளாமல் நிரம்பவே கூடாது. கிராண்டினின் பொறிக்கும் பிறர் தரும் அணைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ! பிறர் அணைத்தபோது திணறியவர், பிடி தம் கையில் இருந்தபோது அமைதியடைந்தார். இக்காலத்திற் கைத்தொலைபேசியிலிருந்தே பிள்ளையின் உடையை நிரப்பும் ஏற்பாட்டை யாரேனும் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ தருவாராயின், நாம் அதை வேண்டாம் என்றே சொல்வோம். அது அணைப்பன்று, கட்டிவைத்தல். மேலும், ஒரே அமுக்கம் நெடுநேரம் நின்றால் தோலின் நரம்புகள் அதை மறந்துவிடும். நாம் அணிந்த கடிகாரப் பட்டியை நாமே உணராதது போல. ஆதலால் சிறிது நேரம் நிரப்பி, விட்டு, மீண்டும் நிரப்புவதே பயன்தரும். கனமணிச் சட்டையால் இதைச் செய்ய இயலாது. காற்றுடையின் தனிச்சிறப்பு இதுவே.

எஞ்சியிருப்பது ஓசை. மின் பம்பி வைத்தால் அது உறுமும். ஆகையாற்றான் கைக்குமிழைச் சொன்னோம். ஆனால் காற்றை வெளிவிடும்போது எழும் சீறல்? அமளியான வகுப்பில் அது கேளாது. மூன்று மணிநேரச் சோதனை மண்டபத்தில், பேனா முனை உரசுவதும் கேட்கும் அமைதியில், அது எல்லாத் தலைகளையும் திருப்பும். வால்வின் வாயில் நுண்துளையுள்ள கடற்பஞ்சு போன்ற பொருளை அடைத்தால் ஓசை அடங்கும். ஆனால் மூன்று விநாடியில் வெளியேற வேண்டிய காற்று வெளியேற அரை நிமிடம் ஆகும். நெருக்கம் தாங்காத வேளையில் அரை நிமிடம் மிக நீண்டது. எனவே வால்வுகள் இரண்டு வேண்டும்: ஓசையின்றி மெல்ல விடும் ஒன்று இடுப்பருகில், நாளாந்தப் பாவனைக்கு, ஓரிழுப்பில் முழுவதையும் திறந்துவிடும் மற்றொன்று கழுத்துப்பட்டியின் கீழ், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று.